மலையேறிய ஐஸ் காபி

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். மீதிப் பேர் இன்னும் டாக்டரிடம் போகாதவர்கள். இந்த நிலைமையில் ஐஸ் காபியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நீங்கள் என்னைத் திட்டலாம். திட்டிவிட்டுப் படியுங்கள்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், "அம்மா, உனக்கு ஒண்ணு பண்ணித் தரேன்" என்று சமையலறைக்குள் போனாள். இன்ஸ்டன்ட் காபித்தூள் ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், தண்ணீர் ஒரு ஸ்பூன். பேட்டரியில் சுற்றும் சின்ன மத்து ஒன்றை அதற்குள் விட்டாள். கர்ரென்று ஒரு சத்தம். கறுப்புக் குழம்பு கண்ணெதிரே வெளுத்து, சந்தனம் அரைத்து வழித்த மாதிரி கிண்ணத்தில் நின்றது. உயரமான டம்ளரில் ஐஸ் கட்டிகள், அதன்மேல் குளிர்ந்த பால், பாலின்மேல் அந்த நுரை. போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். "இது புதுசா வந்திருக்கும்மா" என்றாள்.

வாங்கிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. புதுசு இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அவளுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. உங்களுக்கு நேரம் இருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அப்பா மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கும் அடிவாரத்துத் திருப்பத்தூருக்கும் நடுவே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜீப் வேறொருவருடையது. ஓட்டுவதும் கழுவுவதும் பஞ்சரானால் திட்டு வாங்குவதும் அப்பா. நாங்கள் மலைக்காரர்கள் இல்லை. வேலைக்காக அடிவாரத்திலிருந்து ஏறி வந்த கிறிஸ்தவக் குடும்பம். அம்மா போளூர்ப் பக்கத்தில் பிறந்தவள். ஜீப் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த இரண்டு அறைதான் எங்கள் வீடு. மின்சாரம் எங்கள் தெருவை எட்டிப் பார்த்திருக்கவில்லை. மலை என்றால் எப்போதும் குளிர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோடையில் பாறையெல்லாம் பகல் முழுக்க வெந்து கிடந்தது. வாசலில் புளி காய்ந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளியங்கொட்டை எடுப்பார்கள். புளியின் புளித்த வாடையும் அப்பா சட்டையின் டீசல் வாடையும் வீட்டுக்குள்ளே ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும்.

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். எனக்கும் தம்பிக்கும் பிறகு மூன்றாவது. பிரசவத்துக்கு அப்பா தன் ஜீப்பிலேயே திருப்பத்தூருக்குக் கூட்டிப் போனார். எங்களைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஊரிலிருந்து வந்திருந்தாள். குழந்தையைப் படுக்கவைக்க முன்கூட்டியே உத்தரத்தில் கயிறு கட்டித் தூளி போட்டிருந்தோம். தம்பி தினமும் அதற்குள் ஏறிப் படுத்து அடி வாங்குவான்.

ஒரு நாள் அப்பா மட்டும் வந்து அத்தையிடம் தனியாகப் பேசிவிட்டுப் போனார். அன்று மாலை அத்தை முக்காலிமேல் ஏறி அந்தக் கயிற்றை அவிழ்த்தாள். தூளிச் சேலையை நான்காக மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அவிழ்த்த கயிற்றைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அம்மா சில நாள் கழித்து வந்தாள். ஜீப்பிலிருந்து அவளை அப்பா கைத்தாங்கலாக இறக்கினார். தம்பி ஓடிப் போய் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கொழந்த எங்க?" என்று கேட்டான். அத்தை அவன் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனாள்.

"அது சாமிகிட்ட போய்டுச்சு. அம்மாகிட்ட அதப் பத்தி மூச்சு வுடக் கூடாது, இன்னா?"

இரண்டு பேரும் தலையாட்டினோம்.

ஆனால் அம்மாவே பேசினாள். வந்த மறுநாள், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, பாயில் உட்கார்ந்தபடி அத்தையைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணி, அது அழுவுச்சு. நான் கேட்டேன்."

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "உனக்கு மயக்க மருந்து குடுத்திருந்தாங்கம்மா. அதுல ஏதேதோ காதுல வுழும். பொறக்கும்போதே உசுரு இல்ல."

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிராமலே, "ஆமா. அது பிரமதான்" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்கு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை. அத்தை சாமைக் கஞ்சி வைத்தால் இரண்டு வாய் குடிப்பாள். சில நாள் அதுவும் இல்லை. கஞ்சிமேல் ஆடை படிந்து, ஆடைமேல் ஈ உட்கார்ந்து, கடைசியில் கழுநீர்த் தொட்டியில் கொட்டுவோம். அவளுடைய கன்னத்தெலும்பு எழும்பி வந்ததை நான் தினமும் பார்த்தேன். புளி உடைக்கும் பெண்கள் தாழ்ந்த குரலில், "பேய் அடிச்ச மாதிரி கீது" என்பார்கள். அத்தையோ, "அழுத்தக்காரி. புருசன இப்டிப் போட்டு வதைக்கிறா" என்று அலுத்துக்கொள்வாள். அத்தை கெட்டவள் இல்லை. எங்களுக்குத் தலை வாரி, சோறாக்கி, அம்மாவின் துணியையும் அலசிப் போட்டவள் அவள்தான். ஆனால் அம்மாவைப் பற்றி அவள் போட்ட கணக்கு தப்பு.

அப்பாவுக்கு ஒரே ஒரு விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில், பிரசவத்துக்கு மறுநாள், ஒரு நர்ஸம்மா தங்களுக்கென்று கலந்து வைத்திருந்த ஐஸ் காபியை அம்மாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார். அதை அம்மா ஒரே மூச்சில் குடித்திருக்கிறாள்.

"ஒரே ஒரு தபா அவ வயிறு நெறைய குடிச்சது அதுதான்க்கா. கண்ண மூடினு குடிச்சா" என்று அத்தையிடம் சொன்னார் அப்பா. செய்முறையையும் நர்ஸம்மாவிடம் கேட்டு வந்திருந்தார். "தூளு, சக்கர, தண்ணி. மூணும் சரிசமம். வெளுக்குற வரைக்கும் அடிக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம்.

அப்பா திருப்பத்தூரிலிருந்து இன்ஸ்டன்ட் காபித்தூள் பாட்டில் ஒன்று வாங்கி வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடி பாட்டில். மூடியைத் திறந்தபோது வந்த மணம் எங்கள் வீட்டு மணம் எதிலும் சேராமல் தனியாக நின்றது. எங்கள் வீட்டில் வெல்லம் போட்ட வரக்காபிதான் பழக்கம். அதுவும் மழை பெய்தால். அடிப்பதற்கு நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் குவளையை எடுத்தார். அதன் அடிப்பக்கம் சில்லு பெயர்ந்து கறுப்பாக இருக்கும். முதல் நாள் தண்ணீரை அளக்காமல் ஊற்றிவிட்டார். எவ்வளவு அடித்தும் அது காபித் தண்ணியாகவே சுழன்றது, வாசல்வரை தெறித்தது.

"ஆம்பள உக்காந்து இன்னாத்துக்குடா இந்த வேல?" என்றாள் அத்தை. வாசலில் இருந்த பெண்களில் ஒருத்தி, "டிரைவரு மாவாட்டுறாரு" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். சிரித்துக்கொண்டே குவளையைக் கழுவி மறுபடியும் தொடங்கினார்.

அடுத்த நாள் அவருக்கு ஒரு யோசனை. மோர் கடையும் மத்து குவளைக்குள் போகாது. ஜீப்பின் பழைய கிளட்ச் கம்பியை வெட்டி, புரிகளைப் பிரித்து, வளைத்து, வேப்பங்குச்சியில் கட்டி ஒரு மத்து செய்தார். புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார். அடித்தால் வேகமாகத்தான் நுரைத்தது. தம்பி விரலால் தொட்டு நக்கிவிட்டு, "ஜீப்பு மாதிரி கீதுப்பா" என்றான். அப்பாவும் நக்கிப் பார்த்தார். அந்த மத்து கூரைமேல் போய் விழுந்தது.

பிறகு சாதாரண ஸ்பூனுக்கே திரும்பினோம். ஜீப் ஓட்டிவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, வெயில் தணிவதற்குள் அவர் குவளையோடு உட்கார்ந்துவிடுவார். நானும் பக்கத்தில். அவர் கை ஓய்ந்தால் நான் வாங்கிக்கொள்வேன். குவளையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஸ்பூன் அடியைச் சுரண்டக் கூடாது. பக்கவாட்டில் அடிக்க வேண்டும். முதலில் டக் டக்கென்று வெறும் சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் கனத்து, சதக் சதக்கென்று மாறும். தோள்பட்டை எரியும். இதற்குமேல் முடியாது என்று நினைக்கும் இடத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். கறுப்பு செம்மண் ஆகும், செம்மண் வெல்லம் ஆகும், வெல்லம் சந்தனம் ஆகும். ஸ்பூனைத் தூக்கினால் நுனியில் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். முதன்முதலாக அப்படி நின்ற அன்று நானும் தம்பியும் கத்திய கத்தலில், வாசலில் புளி உடைத்தவர்கள் கையை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பார்த்தார்கள். ஒருத்தி தொட்டு வாயில் வைத்து, "அட, இனிப்புக் கசப்பு" என்றாள்.

காய்ச்சி ஆறிய பாலில் அதைப் போட்டு, பானைத் தண்ணீருக்குள் டம்ளரை இறக்கிவைத்துக் குளிரவைத்து, அப்பா அம்மாவிடம் எடுத்துப் போனார். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். உதட்டில் வைத்தாள். மீசை மாதிரி நுரை ஒட்டியது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அப்பா வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "ஐஸு இல்ல. அதான்."

அவர் முகத்தில் தோற்றுப் போன மாதிரி ஒன்றுமே இல்லை. அடுத்து எந்த வேலை என்று தெரிந்துகொண்ட முகம் அது.

எங்கள் பக்கத்தில் குளிர்ந்த பெட்டி என்றால் ஒன்றுதான். கன்னியாஸ்திரிகள் நடத்திய மருந்தகத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜ். அப்பா அங்கே போய் மதரிடம் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். மதர் வயதானவர், கண்டிப்பானவர்.

"ஒரு கிண்ணம் தண்ணி வச்சி எடுத்துக்கிறேன் மதர்."

"அது பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து வைக்கிற பெட்டி. இன்னைக்கு உனக்குத் திறந்தா நாளைக்கு ஊருக்கே திறக்கணும். முடியாதுப்பா." சொல்லிவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தவர், "உன் சம்சாரத்துகிட்ட உக்காந்து பேசுறியா?" என்று கேட்டார்.

"பேச மாட்டேங்கிறா மதர்."

"அவ பேசுறதக் கேக்கல. நீ பேசுறியான்னு கேட்டேன்."

அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மதர் கேட்டது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

ஆகவே ஐஸ் கீழேயிருந்துதான் ஏற வேண்டும். திருப்பத்தூரில் ஐஸ் கம்பெனி ஒன்று இருந்தது. ஆள் நீளத்துக்குப் பாளம் பாளமாக வார்த்து, மீன்காரர்களுக்கும் சோடாக் கடைக்காரர்களுக்கும் வெட்டிக் கொடுப்பார்கள். அப்பா ஒரு துண்டு வாங்கிச் சாக்கில் மரத்தூள் போட்டுச் சுற்றி, ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் வைத்துக் கிளம்பினார். சந்தை நாள். ஜீப்புக்குள் உட்கார்ந்தவர்களைவிடத் தொங்கியவர்கள் அதிகம். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சாக்கு ஒழுகி, சீட்டில் இருந்தவர்களின் காலெல்லாம் நனைந்து, யாருடைய ஆட்டுக்குட்டியோ நனைத்துவிட்டது என்று சண்டையே நடந்ததாம். வீட்டுக்கு வந்தபோது சாக்கில் ஈர மரத்தூள் மட்டும் இருந்தது.

இரண்டாம் முறை வைக்கோலும் சேர்த்துச் சுற்றினார். அன்றைக்கு நல்லபடியாகவே பாதி மலை ஏறியிருக்கிறது. வழியில் ஒரு பெண், மலைக் கிராமத்துக்காரி, காய்ச்சலில் அனலாகக் கொதிக்கும் பிள்ளையோடு ஏறியிருக்கிறாள். பிள்ளை கண் செருகி உடம்பை வெட்டி வெட்டி இழுத்தது. அப்பா ஜீப்பை நிறுத்தினார். சாக்கைப் பிரித்து, ஐஸை ஜாக்கிக் கம்பியால் உடைத்து, தன் துண்டில் கட்டி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். "நெத்தில வை. அக்குள்ள வை. எடுக்காத." மதரின் மருந்தகம் வரும்வரை அந்த ஐஸ்தான் தாங்கியது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தது சோப்பு அளவில் ஒரு துண்டு. தம்பி அதைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ஓடினான்.

அன்று சாயங்காலம் அப்பா ஜீப்பின் மட்கார்டில் சாய்ந்து வெகுநேரம் நின்றார். நான் போய்க் கையைத் தொட்டேன். "அது பொழைக்கணும் இல்ல?" என்றார். நான் ஆமாம் என்றேன். "இன்னொரு தபா போலாம்" என்றார்.

இதற்குள் போளூரிலிருந்து மாமா வந்துவிட்டார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், பிரசவத்தன்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துவிட்டுப் போனவர். பெரிய மீசை, பெரிய குரல். தங்கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாமேல் பாய்ந்தார்.

"எலும்பும் தோலுமா கெடக்குறா. நீ காபி அடிச்சினு கீறியாமே மாப்ள? ஊரே சொல்லுது. நான் கூட்டினு போறேன்."

"பசங்க?"

"உங்க அக்கா கீறாங்க இல்ல. அவ தேறட்டும், பொறவு பாத்துக்கலாம்."

பொறவு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா திரும்பி வர மாட்டாள் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்று எனக்குப் பட்டது. அப்பா, "ஞாயித்துக்கெழம பூசை முடியட்டும் மச்சான். திங்கக்கெழம நானே கொண்டாந்து பஸ் ஏத்துறேன்" என்றார். மாமா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அப்பா கீழே போனார். இந்தத் தடவை அத்தை ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் கம்பளியை எடுத்துக் கொடுத்தாள். சாமை உமி ஒரு மூட்டையும் ஜீப்பில் ஏறியது. பாளத்தில் கால்வாசியை வாங்கி, உமிக்குள் புதைத்து, கம்பளியால் சுற்றி, மேலே சாக்கு கட்டி, ஜீப்பில் வேறு யாரையும் ஏற்றாமல் ஏறி வந்தார். முதலாளியிடம் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. வழியில் ஒரு முறை வண்டி நின்றுவிட்டது. முன்னால் கம்பி போட்டுச் சுற்றிக் கிளப்பும்போது அந்தக் கம்பி எகிறி அப்பாவின் வலது மணிக்கட்டில் அடித்துவிட்டது. வீடு வந்தபோது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது. ஐஸ் இருந்தது. தம்பி தலை அளவுக்கு இருந்தது. குழி வெட்டி உமியோடு புதைத்து வைத்தோம்.

ஞாயிறு மத்தியானம். கோயிலிலிருந்து வந்ததும் அப்பா குவளையை எடுத்தார். ஸ்பூனைப் பிடித்தவர் முகம் சுருங்கியது. இடது கையால் அடித்துப் பார்த்தார், வரவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். என்னால் முடிந்தவரை அடித்தேன். பிறகு அத்தை வாங்கினாள். அத்தை! "குடுடி இங்க, கொத்தமல்லி வறுக்கிற மாதிரி கிண்டினு கீற" என்று பிடுங்கிக்கொண்டு, கொண்டை அவிழும்வரை அடித்தாள். மாமா முதலில் தள்ளி நின்று பார்த்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "எங்க, எட்டத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல" என்று வந்து உட்கார்ந்தார். உலக்கை பிடித்த கை அது. அவர் கையில்தான் அது சந்தனமாக வெளுத்து எழும்பியது. வீடு முழுக்க அந்த ஸ்பூன் சத்தம். உள்ளறையில் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள்.

ஐஸைச் சாக்குக்குள் போட்டு அம்மிக் குழவியால் உடைத்தோம். கண்ணாடி டம்ளருக்கு மருந்தகத்துக்கு ஓடினேன். டம்ளர் கேட்டதற்கு மதர் மறுப்பேதும் சொல்லவில்லை. ஐஸ், அதன்மேல் பால், அதன்மேல் நுரை. டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து வழிந்தது. அதைத் தொடுவதற்கே விரல் கூசியது.

அப்பா இடது கையால் எடுத்துப் போனார். நாங்கள் எல்லோரும் கதவருகே நின்றோம்.

அம்மா எழுந்து உட்கார்ந்து டம்ளரைக் கையில் வாங்கினாள். அப்பாவின் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தாள். வாயருகே கொண்டு போகவில்லை.

"நீங்க தூக்குனீங்களா?" என்று கேட்டாள்.

இத்தனை நாள் கழித்து வந்த குரல், துருப்பிடித்த மாதிரி இருந்தது. அப்பாவுக்குப் புரியவில்லை.

"கொழந்தய. தூக்குனீங்களான்னு கேக்குறேன்."

மாமா ஓரடி உள்ளே வைத்தார். "இப்ப இன்னாத்துக்கும்மா அது?"

"நீ இருண்ணே. நான் இவரக் கேக்குறேன்." அம்மா அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அழுவுச்சு. நான் கேட்டேன். பிரமன்னு சொன்னீங்க. எனக்குப் புத்தி பெசகியிருந்தா இந்தக் காபி குடிச்சா சரியாவாது. பெசகலன்னா, நீங்க எங்கிட்ட பொய் சொல்றீங்க. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. சொன்னா குடிக்கிறேன்."

மாமா அப்பாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். டம்ளருக்குள் ஐஸ் உருகி நகர்ந்து 'டிங்' என்றது. நுரை ஓரத்தில் இறங்கத் தொடங்கியது. அத்தனை பேர் கை வலிக்க எழுப்பிய நுரை அது. எனக்கு அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அப்பா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அழுவுச்சு" என்றார். "நல்லாவே அழுவுச்சு. நீ கேட்டது நெசம்தான்."

அம்மா மூச்சு விட்டாள்.

"பொண்ணு. காலைல பொறந்துச்சு, மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. மூச்சு வுட முடியல அதால. நான்தான் மடில வச்சினு இருந்தேன். நீ மயக்கத்துல கெடந்த. உனக்கும் ஒண்ணு ஆயிடுமோன்னு…" வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நர்ஸம்மா அப்பவே சொன்னாங்க, நீங்களே சொல்லிடுங்கன்னு. நான், அக்கா, மச்சான், மூணு பேரும்தான் வாணாம்னு முடிவு பண்ணோம். உசுரோட இருந்துச்சுன்னு தெரிஞ்சா உன்னால தாங்க முடியாதுன்னு நெனச்சோம்."

"யாரு மாதிரி இருந்துச்சு?"

"உன்ன மாதிரி. மோவாய்ல உன் குழி."

"ஞானஸ்நானம்?"

"நர்ஸம்மாதான் தலைல தண்ணி ஊத்துனாங்க. இன்னா பேருன்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன்." அப்பா அந்தப் பேரைச் சொன்னார்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அம்மாவுடையது.

அம்மா அந்தப் பேரை ஒரு தடவை சத்தம் வராமல் உதட்டால் சொல்லிப் பார்த்தாள். பிறகு டம்ளரைத் தூக்கிக் குடித்தாள். பாதி தண்ணியாகிப் போன காபி. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் மாதிரி, நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலி டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்போ பின்போ கேட்டதில்லை. வாசலில் புளியங்கொட்டை எடுத்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அத்தை எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அவளும் எங்களோடு தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி எனாமல் குவளையை மடியில் வைத்து, மிச்சமிருந்த நுரையை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

நான் பெரியவளாகி, எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன்: காபிதான் உன்னைப் பேசவைத்ததா என்று. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காபி நான் கேட்டனா? ஆஸ்பத்திரில தாகம், குடிச்சேன். இவரு அதப் புடிச்சினு தொங்குனாரு. ஆனா டக்கு டக்குன்னு அடிக்கிற சத்தம் தெனம் கேட்டினு இருப்பேன். வுட மாட்டேங்கிறாரே இந்த மனுசன், இவரக் கேட்டா ஒரு நாள் சொல்லுவாருன்னு தோணுச்சு. கை வீங்கி வந்து நின்னப்ப, இன்னைக்குக் கேட்டுறணும்னு கேட்டுட்டேன்."

அந்த வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அவள் காதால் கேட்டதை மட்டும் இல்லை என்றார்கள். நம் தலைமுறையைப் பெற்றவர்களுக்கு அது ஒரு பழக்கம். துக்கத்தைச் சொல்லாமல் மூடிவைத்தால் அது காய்ந்து உதிர்ந்துவிடும் என்று நம்பினார்கள். நாமும் அதைச் செய்திருக்கிறோம். இனியாவது செய்ய வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

திங்கட்கிழமை காலை, பேசியபடி அம்மாவின் பெட்டி ஜீப்பில் ஏறியது. மாமா எல்லோருக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டார். என்னையும் தம்பியையும் அத்தையே ஏற்றிவிட்டாள். மலையிறங்கினோம். திருப்பத்தூரில் பஸ் நிலையத்துக்குப் போகும் தெருவில் அப்பா திரும்பவில்லை. நேராகப் போய்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினார்.

மதில் ஓரமாக, புங்கமரத்து நிழலில், செங்கல் ஒன்று தலைமாட்டில் நட்ட சின்ன மேடு. புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. "இதுதான்" என்றார் அப்பா. அம்மா உட்காரவில்லை. குனிந்து மண்ணைத் தொட்டாள். நிமிர்ந்தாள். பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவோமே, அந்தக் குரலில், உரக்க. மதிலுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலுக்கு வந்தபோது மாமா ஜீப்பிலிருந்து அம்மாவின் பெட்டியை இறக்கிக் கையில் வைத்திருந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. போலாமா?"

அம்மா அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் தானே தள்ளினாள். முன்சீட்டில் ஏறி, தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.

"நீ பாத்துப் போண்ணே" என்றாள். "நாங்க மலைக்குப் போறோம்."